கணக்குப் படித்து என்னவாகப் போகிறாய்?

(எமது கல்லூரியின் நூற்றாண்டு விழா நிகழ்வுகளில் ஒன்றாக, உயர்தர கணிதப் பிரிவு மாணவிகளுக்காகப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய வழிகாட்டல் கருத்தரங்கில், 1997 ஆம் ஆண்டு கணிதப் பிரிவு மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



எங்களில் ஒருத்தி இந்த உரையை வாசித்தாலும், இது ஒருத்தியின் உரை அல்ல. 1997 இல் இக்கல்லூரியிலிருந்து உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றிய கணிதப் பிரிவு மாணவிகள் நாங்கள் ஆறு பேர். நால்வர் இம்மண்டபத்தில் இருக்கிறோம். இருவர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களும் இதை வாசித்து, வெட்டித் திருத்தி அனுப்பினார்கள். ஆறு பேரும் ஒரு விடயத்தில் ஒத்துப்போவதற்கு மூன்று வாரம் பிடித்தது. ஆகவே இதில் உள்ளவை எல்லாம் நாங்கள் சண்டை பிடித்து முடித்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்றலும் தொழில் இலக்குகளும்’ என்பதாகும். ஆனால் எங்கள் காலத்தில் இந்தத் தலைப்பை இவ்வளவு அழகாக யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சந்தியில் கண்ட மாமிமார் சைக்கிளை மறித்துக் கேட்டது, “பிள்ளை, கணக்குப் படிச்சு என்னவா வரப்போறாய்?” என்றுதான். நாங்களும் “ரீச்சரா வருவன் மாமி” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அந்தப் பதிலுக்கு மேலே கேள்வி வராது என்பதற்காகவே அதைச் சொன்னோம். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என்ன என்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் யோசித்த பின்னர்தான் உங்கள் முன் வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு சிறு கதை. 1994 மார்கழியில் சாதாரண தரம் எழுதி, 1995 இன் நடுப்பகுதியில் உயர்தர வகுப்பில் சேர்ந்தோம். அப்போது பாடங்கள் நான்கு: தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். இன்று நீங்கள் இணைந்த கணிதம் என்று ஒன்றாகப் படிப்பதை நாங்கள் இரண்டு பாடங்களாகப் படித்தோம். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்த விளக்கில்தான் வகையீடும் தொகையீடும் செய்தோம். கொப்பி கிடைப்பது அருமை என்பதால், முதலில் பென்சிலால் எழுதிய பக்கத்தின் மேலேயே பிறகு பேனையால் எழுதியவர்கள் எங்களில் உண்டு.

வகுப்புத் தொடங்கிச் சில மாதங்களில் இடப்பெயர்வு வந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள்ளே, வலிகாமத்துச் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போனோம். எங்களில் ஒருத்தியின் பையில் உடுப்பைவிடக் கொப்பிகளே கூட இருந்தன. அதற்காக அவள் வாங்கிய ஏச்சு அடுத்த வருடம் வரைக்கும் தொடர்ந்தது.

எங்கள் கணித ஆசிரியையும் மீசாலைப் பக்கத்தில் ஒரு வீட்டில் தங்கியிருந்தார். தேடிப் போனோம். கரும்பலகை இல்லை, வெண்கட்டி இல்லை. மாமரத்தின் கீழே மணலைக் கையால் மட்டமாக்கி, விரலால் ஒரு புள்ளி வைத்தார். அதைச் சுற்றி, வலப்பக்கமும் கீழேயும் மூலையிலுமாக மூன்று புள்ளி வைத்தார். இரண்டுக்கு இரண்டு சதுரம் வந்தது. அதே மாதிரி ஐந்து புள்ளி வைத்தார். மூன்றுக்கு மூன்று. பிறகு ஏழு. நான்குக்கு நான்கு. கோலத்துக்குப் புள்ளி வைக்கத் தெரிந்த எங்களுக்கு அது விளையாட்டாக இருந்தது. ஒன்றும் மூன்றும் நான்கு, அதோடு ஐந்து ஒன்பது, அதோடு ஏழு பதினாறு. ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டினால் எப்போதும் ஒரு வர்க்க எண் வருகிறது.

“எதுவரைக்கும் இது சரி?” என்று கேட்டார்.

“எப்பவும் சரி ரீச்சர்.”

“எப்பிடித் தெரியும்? எல்லாத்தையும் எண்ணிப் பாத்தனீங்களோ?”

நாங்கள் பேசாமல் நின்றோம். அவர் மணலில் இருந்த சதுரத்தைக் காட்டினார். ஒரு சதுரத்தின் பக்கத்தில் எத்தனை புள்ளி இருக்கிறதோ, அத்தனை புள்ளியை வலப்பக்கம் வைக்கவேண்டும், அத்தனையைக் கீழே வைக்கவேண்டும், மூலைக்கு ஒன்று. அப்படியானால் புதிதாக வைப்பது, பக்கத்தின் இரு மடங்கோடு ஒன்று. அது எப்போதும் ஒற்றை எண்தான். அதுவும் முன்னர் வைத்ததற்கு அடுத்த ஒற்றை எண். ஆகவே எந்தச் சதுரத்திலிருந்தும் அடுத்த சதுரத்துக்குப் போகலாம். எண்ணத் தேவையில்லை.

நீங்கள் இப்போது ‘கணிதத் தொகுத்தறிவு’ என்ற பாடத்தில் மூன்று வரியில் எழுதி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும் விடயம் இது. ஆனால் அன்றைக்கு, நாளை எந்த ஊரில் படுப்போம் என்று தெரியாமல் இருந்த எங்களுக்கு, யாரும் எண்ணி முடிக்க இயலாத எண்கள் எல்லாவற்றையும் பற்றி நிச்சயமாக ஒன்றைச் சொல்லலாம் என்பது பெரிய விடயமாக இருந்தது. ஆறு பேருக்கும் அது பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். நான்கு பேருக்கு அது பரீட்சைக்கு வரும் கணக்கு. இரண்டு பேருக்கு மாத்திரம் அன்றிலிருந்து வேறு ஏதோ பிடித்துக்கொண்டது. அந்த இரண்டு பேரின் கதையையே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1996 இல் ஊர் திரும்பி, 1997 இல் பரீட்சை எழுதினோம். எங்கள் காலத்தில் இசட் புள்ளி இல்லை. நான்கு பாடத்தினதும் மொத்தப் புள்ளிதான். பெறுபேறு வந்தது. இருவருக்குப் பொறியியல் கிடைத்தது. நால்வருக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை. பௌதிக விஞ்ஞானத்துக்கு அனுமதி வந்தது. கணிதத்தை விரும்பிய இருவரும் இந்த நால்வருக்குள் இருந்தார்கள். பார்க்கப்போனால், அவர்கள் கேட்டதே அவர்களுக்குக் கிடைத்திருந்தது. ஆனால் வீடுகளில் அதை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

ஒருத்தியின் வீட்டில் அப்பா, பெரியப்பா, மாமா எல்லோரும் கூடியிருந்து கதைத்தார்கள். “பௌதிக விஞ்ஞானமோ? அதை எடுத்து என்ன செய்யிறது? கொஞ்சப் புள்ளியிலதானே தவறினது, இன்னொருக்கா எழுதட்டும்.” அவளுக்குக் கணிதம்தான் வேண்டும். ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. நாங்களும் திறக்கவில்லை. இன்னும் மோசம், நாங்கள் ஐந்து பேரும் அவள் வீட்டுக்குப் போய், “எழுதடி, உனக்குக் கட்டாயம் கிடைக்கும்” என்று உற்சாகப்படுத்திவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம். அவள் என்ன விரும்புகிறாள் என்று எங்களுக்குத் தெரியும். மணலில் புள்ளி வைத்த நாளில் அவள் முகத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். இருந்தும் பொறியியல் கிடைக்காதது தோல்வி என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

கிடைத்த அனுமதியை அவள் விட்டுவிட்டாள். இரண்டாம் முறையும் பொறியியலுக்குப் போதவில்லை. மூன்றாம் முறை, சுகமில்லாமல் எழுதியதில், பௌதிக விஞ்ஞானத்துக்கும் போதவில்லை. மூன்று முறைக்கு மேல் பல்கலைக்கழக அனுமதிக்கு வழியில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பிறகு பல வருடம் தொண்டர் ஆசிரியையாக இருந்தாள். நியமனம் கிடைத்தது. கலியாணமாகி, இரண்டு பிள்ளைகளும் பிறந்த பின்னர், திறந்த பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, முப்பத்தாறாவது வயதில் கணிதத்தோடு விஞ்ஞானப் பட்டம் பெற்றாள். இன்று கணித ஆசிரியையாக இருக்கிறாள். இந்தப் பந்தியை எழுதியவள் அவளே. “என்னைப் பாவம் என்று எழுதாதேங்கோ. கணிதம் எனக்குக் கிடைத்தது. பதினைந்து வருசம்தான் பிந்தியது. அந்தப் பதினைந்து வருசத்தை இந்தப் பிள்ளையள் குடுக்கத் தேவையில்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றாள். சொல்லிவிட்டோம்.

மற்றவள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். கூடவே எங்களில் இன்னும் இருவர். அங்கே என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஏனெனில், கணிதம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கணிதம் எப்படி இருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

முதலாவது அடி, மொழி. பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு, முதல் நாள் விரிவுரை ஆங்கிலத்தில். தாயம், காவி, சிக்கலெண், நிகழ்தகவு என்று நன்றாகத் தெரிந்த சினேகிதர்கள் எல்லாம் வேறு பெயரில் வந்து நிற்பார்கள். எங்களில் ஒருத்தி ஒரு சிறிய கொப்பியில் இரண்டு நிரல் போட்டுத் தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் எழுதி மனனம் செய்தாள். முதலாம் தவணை முடியும்போது அந்தக் கொப்பியை வகுப்பில் பாதிப் பேர் பார்த்து எழுதியிருந்தார்கள். நீங்கள் பெறுபேறு வரும்வரை காத்திருக்காமல் அந்தக் கொப்பியை இன்றைக்கே தொடங்கலாம்.

இரண்டாவது அடி அதைவிடப் பெரியது. பாடசாலையில் கணிதம் என்றால் விடை காண்பது. கடந்தகால வினாத்தாள்களைச் செய்து செய்து, கேள்வியைப் பார்த்தவுடன் கை தானாக எழுதும் நிலைக்கு வந்துவிடுவோம். பல்கலைக்கழகத்தில் முதல் மாதத்திலேயே விரிவுரையாளர், “ஏறிக்கொண்டே போகிற, ஆனால் ஓர் எண்ணைத் தாண்டாத ஒரு தொடரி, ஓர் எல்லையை அணுகும். ஏன்?” என்று கேட்டார். தெளிவாகத் தெரிகிறதுதானே என்று நினைத்தோம். “தெளிவாகத் தெரிந்தால் எழுதுங்கள்” என்றார். ஒருவராலும் எழுத முடியவில்லை. அதை எழுதுவதற்கு, எண் என்றால் என்ன, எல்லை என்றால் என்ன என்று அடியிலிருந்து கேட்கவேண்டியிருந்தது. உயர்தரத்தில் ஏ எடுத்தவர்கள் முதற் பரீட்சையில் நாற்பதும் நாற்பத்தைந்தும் எடுத்தோம். விடுதியில் ஒருத்தி இரவிரவாக அழுதாள். “எனக்குக் கணக்கு வராது, நான் பிழையாக வந்திட்டன்” என்றாள்.

அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. அதுவரை அவள் செய்தது கணக்கு, இப்போது கேட்பது கணிதம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மாமரத்தின் கீழே ஏற்கெனவே பார்த்தவள் மாத்திரம், “இது அந்த மணல் மாதிரித்தான்” என்று சொல்லிக்கொண்டு இருந்தாள். அவளும் நல்ல புள்ளி எடுக்கவில்லை. ஆனால் அவளுக்குப் பயம் வரவில்லை.

ஆகவே தங்கைமாரே, உங்களிடமே நீங்கள் கேட்கவேண்டிய முதற் கேள்வி இது: எனக்குப் பிடித்திருப்பது கணிதமா, கணிதத்தில் வரும் புள்ளியா? இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. விடை தெரியாத ஒரு கணக்கோடு மூன்று நாள் இருந்து பாருங்கள். விளக்கவுரையைப் பார்க்காமல், ரியூசன் ஆசிரியரைக் கேட்காமல் இருங்கள். மூன்றாம் நாள் உங்களுக்கு வெறுப்பு வருகிறதா, அல்லது குளிக்கும்போதும் அதே நினைவாக இருக்கிறதா? வெறுப்பு வந்தால் அதில் ஒரு குறையும் இல்லை. பொறியியல், கணினி விஞ்ஞானம், நில அளவை, முகாமைத்துவம் என்று கணிதத்தைக் கருவியாகப் பயன்படுத்தும் படிப்புகள் நிறைய உள்ளன. எங்களில் இருவர் பொறியியல் படித்தார்கள், சந்தோசமாக இருக்கிறார்கள். ஆனால் நினைவு விடவில்லை என்றால், அந்த விருப்பத்தை இரண்டாந்தரமாக நினைக்காதீர்கள்.

இனித் தொழில். இதில் உங்களை ஏமாற்ற நாங்கள் விரும்பவில்லை. ‘கணிதவியலாளர் தேவை’ என்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் விளம்பரம் வருவதில்லை. வைத்தியம் படித்தால் வைத்தியர், சட்டம் படித்தால் சட்டத்தரணி. கணிதம் படித்தவளுக்கு அப்படி ஒரே பெயர் கிடையாது. பெற்றோரின் பயம் எல்லாம் அதில்தான். அந்தப் பயத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. பல பெயர்கள் உண்டு என்பதை மாத்திரம் எங்கள் வாழ்க்கையிலிருந்தே காட்டுகிறோம்.

எங்களில் ஒருத்தி பட்டத்தின் பின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தில் சேர்ந்தாள். இலங்கை முழுவதிலும் 1981 இல் குடித்தொகை எடுக்கப்பட்டது. 1991 இல் எடுக்கப்படவில்லை. 2001 இல் 18 மாவட்டங்களில் மாத்திரமே முழுமையாக எடுக்க முடிந்தது. எங்கள் மாவட்டம் அந்தப் பதினெட்டுக்குள் இல்லை. 2012 இல்தான் நாடு முழுவதும் மீண்டும் எண்ணப்பட்டது. முப்பத்தொரு வருடமாக எங்கள் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை வீடுகளுக்குப் பெண் தலைமை தாங்குகிறாள், எத்தனை பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் மதிப்பீடாகவே இருந்தது. 2012 இல் அந்தப் படிவங்களோடு வேலை செய்தபோதுதான் தான் படித்த புள்ளிவிபரவியல் எதற்கென்று விளங்கியது என்று அவள் சொல்வாள். எண்ணப்படாத ஊருக்குப் பாடசாலையும் வராது, ஆஸ்பத்திரியும் வராது.

இன்னொருத்தி கலியாணமாகி ரொறன்ரோவுக்குப் போனாள். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் காப்புறுதிக் கணிப்பாளர் பரீட்சைகள். அது ஒரு பரீட்சை அல்ல, படிப்படியாகப் பல. எட்டு வருடம் எடுத்தது. அந்தத் தொழிலின் சாரம் மிக எளிது. பத்தாயிரம் பேரில் யாருக்கு அடுத்த வருடம் நோய் வரும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஆனால் பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய எத்தனை பேருக்கு வரும் என்று நிகழ்தகவைக் கொண்டு மதிப்பிடலாம். அந்த மதிப்பீட்டின் மேல்தான் காப்புறுதியும் ஓய்வூதியமும் நிற்கின்றன. அந்தப் பரீட்சைகளுக்குத் தேவையான அடித்தளம் யாழ்ப்பாணத்தில் படித்ததிலேயே இருந்தது, மேலதிகமாகத் தேவைப்பட்டது பொறுமை மட்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறாள்.

மணல் பிடித்துக்கொண்ட மற்றவள் சிறப்புப் பட்டம் முடித்து, புலமைப்பரிசிலில் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்று, திரும்பி வந்து விரிவுரையாளராக இருக்கிறாள். சிறப்புப் பட்டத்துக்கு எல்லோரும் தெரிவாவதில்லை. முதல் வருடங்களின் பெறுபேற்றை வைத்தே தெரிவு செய்வார்கள். ஆராய்ச்சியோ விரிவுரையாளர் பதவியோ உங்கள் இலக்கு என்றால் முதலாம் வருடத்திலிருந்தே அதை மனதில் வைத்திருக்கவேண்டும். முதலாம் வருடம் ஓய்வெடுக்கும் வருடம் என்று யாராவது அக்கா சொன்னால் நம்பாதீர்கள்.

கணினித்துறை பற்றி நீங்களே எங்களுக்குச் சொல்லித் தருவீர்கள். ஒன்றை மட்டும் சொல்கிறோம். இரண்டு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குவது கணினிக்கு இலகு. பெருக்கிய விடையைத் தந்து அந்த இரண்டையும் கண்டுபிடி என்றால் மிகக் கடினம். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்து 1977 இல் மூன்று பேர் ஓர் இரகசியக் குறியீட்டு முறையை அமைத்தார்கள். இணையத்தில் வங்கிக் கணக்கைப் பாதுகாக்கும் முறைகளில் அதுவும் ஒன்று. முதன்மை எண்களை ஆராய்ந்தவர்கள் அதற்கு முன் இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக ‘இது எதற்கு உதவும்’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாமலே இருந்தார்கள்.

ஆசிரியத் தொழிலைக் கடைசியாகச் சொல்வது, அது கடைசி என்பதற்காக அல்ல. உயர்தரக் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் எங்கள் மாகாணத்தில் இன்றும் இருக்கின்றன. அந்தப் பாடசாலைப் பிள்ளை கணிதம் படிக்க விரும்பினாலும் கலைப் பிரிவுக்குத்தான் போகவேண்டும். ‘ரீச்சரா வருவன்’ என்று நாங்கள் தப்புவதற்குச் சொன்ன பதில், எங்களில் ஒருத்திக்கு உண்மையாகியது. அவளால் வன்னியில் ஒரு பாடசாலையில் கணிதப் பிரிவு தொடங்கியது.

அடுத்து, நீங்கள் எல்லோரும் பயப்படும் இசட் புள்ளி. கணிதப் பிரிவு மாணவிகளாகிய நீங்களாவது அதைக் கணிதமாகப் பாருங்கள். உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவது அது. அந்த வருடம் அந்தப் பாடம் எழுதியவர்களின் நடுவிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பௌதிக விஞ்ஞானம் போன்ற நெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் இடம் ஒதுக்கப்படுகிறது. ஆகவே ஒரே புள்ளி ஒரு மாவட்டத்தில் போதும், இன்னொரு மாவட்டத்தில் போதாது. அது உங்கள் மூளையின் அளவு என்று யாராவது சொன்னால், நியம விலகல் என்றால் என்ன என்று திருப்பிக் கேளுங்கள்.

பௌதிக விஞ்ஞானம் மாத்திரம்தான் கணிதத்துக்கு வழி என்றும் நினைக்கவேண்டாம். வவுனியாவில் பிரயோக கணிதமும் கணித்தலும் என்ற நெறி இருக்கிறது. கொழும்பில் கைத்தொழில் புள்ளிவிபரவியலும் கணித நிதியும் என்ற நெறி இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் கைந்நூலை முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். விருப்ப ஒழுங்கைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல நிரப்பாமல், நீங்களே யோசித்து நிரப்புங்கள். எங்கள் சினேகிதிக்கு அதைச் செய்ய ஆளிருக்கவில்லை.

எங்கள் மண்ணில் கணிதத்துக்குப் பெரிய பெயர்கள் இல்லாமல் இல்லை. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த சி. ஜே. எலியேசர், கேம்பிரிட்ஜில் டிராக்கிடம் ஆராய்ச்சி செய்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்து, பின் மலாயாவிலும் மெல்பேர்னிலும் பேராசிரியராக விளங்கினார். அவரைப் பற்றி எங்களுக்குப் படிக்கும்போதே சொன்னார்கள். ஆனால் பெண்பிள்ளைகளாகிய எங்களுக்கு ஒரு பெண்ணின் பெயரை யாரும் சொல்லவில்லை. ஆகவே நாங்கள் சொல்கிறோம்.

ஈரானில் 1977 இல் மரியம் மிர்சக்கானி என்று ஒரு பிள்ளை பிறந்தாள். எங்களைவிட ஒரு வயது மூத்தவள். நாடு யுத்தத்தில் இருந்தபோது வளர்ந்தாள். சிறுவயதில் எழுத்தாளராக வரவே விரும்பினாள். தெஹ்ரானில் பெண்கள் பாடசாலை ஒன்றில் படித்தாள். 1995 ஆடியில் கனடாவில் நடந்த சர்வதேச கணித ஒலிம்பியாட்டில் முழுப் புள்ளியும் பெற்றாள். அதே வருடம் ஐப்பசியில் நாங்கள் கொப்பிப் பையோடு பாலம் கடந்தோம். கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான பீல்ட்ஸ் பதக்கம் 1936 இலிருந்து வழங்கப்படுகிறது. அதைப் பெற்ற முதற் பெண் அவள், 2014 இல். 2017 இல் நாற்பது வயதில் புற்றுநோயால் காலமானாள். 2022 இல் உக்ரேனைச் சேர்ந்த மரினா வியசோவ்ஸ்கா அதைப் பெற்ற இரண்டாவது பெண்ணானாள். எல்லோரும் மிர்சக்கானியாக வரவேண்டும் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. பெண்கள் பாடசாலையும் யுத்தமும் சேர்ந்த ஓர் இடத்திலிருந்தும் அங்கே போகலாம் என்பது 1997 இல் எங்களுக்குத் தெரிந்திருந்தால், அன்று தேத்தண்ணி குடித்துவிட்டு வந்திருக்கமாட்டோம்.

இங்கே வந்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை பொறியியலாளராக வரவேண்டும் என்று நீங்கள் விரும்புவதில் பிழையில்லை. பெறுபேறு வந்து உறவினர் கூடுவதற்கு முன்னர், பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, “உனக்கு என்ன விருப்பம்?” என்று ஒருக்கால் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். உடனே பதில் வராது.

தங்கைமாரே, உங்களுக்கு மூன்று வேலை தருகிறோம். இரண்டு நிரல் கொப்பியை இன்று தொடங்குங்கள். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் கணினி நிரலாக்கம் ஏதாவது ஒன்றைப் பழகுங்கள். எந்தத் துறைக்குப் போனாலும் கைகொடுக்கும். மூன்றாவது, உங்கள் வகுப்பில் கணிதத்தை உண்மையாக விரும்பும் ஒருத்தி இருப்பாள். யார் என்று உங்களுக்குத் தெரியும். அவள் வீட்டில் கூட்டம் கூடும் நாளில் நீங்கள் போனால், “எழுதடி, கிடைக்கும்” என்று சொல்லாதீர்கள். “இவளுக்குக் கணிதம்தான் விருப்பம்” என்று அவளுக்காக ஒருத்தியாவது சொல்லுங்கள். நாங்கள் சொல்லாமல் விட்டது அது.

கணக்குப் படித்து என்னவாகப் போகிறாய் என்று கேட்ட மாமிமாரில் ஒருவர் இன்றும் இருக்கிறார். போன கிழமை எங்களைக் கண்டபோது, தன் பேத்தி கணிதப் பிரிவில் படிக்கிறாள் என்று சொன்னார். அந்தப் பிள்ளை இந்த மண்டபத்தில்தான் இருக்கிறது. பிள்ளை, உங்கள் அம்மம்மா இம்முறை எங்களிடம் கேட்டது வேறு கேள்வி: “அவளுக்கு நல்லா விருப்பமாம். நீங்கள் வந்து ஒருக்கா வீட்டில கதைக்கிறியளோ?” கட்டாயம் வருவோம்.